அழிக்கவா? ஆம் / இல்லை

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் மாமாவும் சுகம். மாமாவுக்கு இடுப்பு ஆபரேஷன் தையல் பிரித்தாயிற்று. கைத்தடியோடு வாசல்வரை நடக்கிறார், வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே. சுரங்க முகாமில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன தடவை எழுதிய இருமல் போயிற்றா? புழுதியில் நிற்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்.

மலைக்கு அந்தப் பக்கம் போன் எடுக்காது என்பது இப்போதுதான் எனக்குப் பெரிய தொல்லையாகத் தெரிகிறது. தம்பி மெக்கானிக். ஆனால் அவனிடம் ஒரு சின்னச் சந்தேகம் கேட்க டீசல் லாரி கடிதத்தைக் கொண்டுவரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது.

விஷயம் இதுதான். காரில் அந்த மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிகிறது. தெருமுனை ஒர்க்‌ஷாப்காரரை நீ பார்த்திருக்கிறாய். முழியைப் பார்த்துத் தெருவே ‘ஹெட்லைட்’ என்று பெயர் வைத்ததே, அவர்தான். ஸ்கேனரை மாட்டினார். “சென்சார் போச்சும்மா” என்றார். மாற்றினார். பத்து நாளில் மறுபடி எரிந்தது. “இன்னொரு சென்சாரும் போச்சு” என்றார். அதையும் மாற்றினார். நேற்று மறுபடி எரிகிறது. கருவியின் திரையை என் பக்கம் திருப்பவே மாட்டேன் என்கிறார், பரீட்சைத் தாளைக் கையால் மறைக்கிறவன் மாதிரி.

வாரம் மூன்று நாள் மாமாவைப் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக வேண்டும். கார் நின்றுபோனால் நான் என்ன செய்வேன்? எங்கள் ஆஸ்பத்திரி மருந்துக்கடைக்காரர் சொந்தமாக ஒரு ஸ்கேனர் வைத்திருக்கிறார். உள்ளங்கை அளவுதான். ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினால் கோளாறுக்கு ஒரு எண் காட்டுகிறது. கார் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் வாங்க வேண்டிய பொருள் என்கிறார். நானும் ஒன்று வாங்கட்டுமா? அந்த எண்ணைக் ‘கோடு’ என்பார்களாம். மாமாவிடம் கேட்டதற்கு, “கோடு பாக்கணும்னா உன் உள்ளங்கையைப் பாரு, சும்மாவே இருக்கு” என்கிறார். அவரிடம் கேட்டது என் தப்பு.

உன் பதிலைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்த லாரியில் கிடைத்தது. இருமல் போய்விட்டது. சாப்பாட்டுக்குக் குறைவில்லை. இங்கே லாரி டயர் ஒன்றே என்னைப்போல் ஒன்றரை ஆள் உயரம். அதன் அடியில் உட்கார்ந்து சாப்பிட்டால் நிழல் கிடைக்கிறது. மாமாவிடம் திட்டுவதை நிறுத்தவேண்டாம் என்று சொல். திட்டுகிறவர் சீக்கிரம் தேறிவிடுவார்.

ஸ்கேனர் வாங்கலாமா என்று ஒரு மெக்கானிக்கிடம் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வான், பிழைப்பு போய்விடுமே என்று நீ நினைப்பாய். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கு. எண் என்னவென்று தெரிந்துகொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறவளை அவ்வளவு சுலபமாக ஏய்க்க முடியாது.

ஆனால் ஒன்று. நீ எக்ஸ்ரே எடுக்கிறவள். படத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தால் உடனே கத்தியை எடுக்கிறாயா? இதுவும் அப்படித்தான். திரையில் ‘சென்சார்’ என்று வந்தால் சென்சார் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. அது எதையோ பார்த்துவிட்டுக் கத்துகிறது என்றுதான் அர்த்தம். பிள்ளை அழுதால் எதற்கு அழுகிறது என்று பார்ப்போமா, பிள்ளையை மாற்றுவோமா?

இன்னொன்று. எண்ணைக் காட்டியபின் அந்தப் பெட்டி ‘அழிக்கவா? ஆம் / இல்லை’ என்று கேட்கும். அதில் மட்டும் கை வைக்காதே. அழித்தால் விளக்கு அணையும், கோளாறு அப்படியே இருக்கும். எண்ணை எழுதி எனக்கு அனுப்பு. வாங்குவதுதான் வாங்குகிறாய், எஞ்சினோடு பிரேக்கையும் படிக்கிற ரகமாகப் பார்த்து வாங்கு.

மாமாவுக்கு என் அன்பு.

தம்பி


மார்ச் 6

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீ எப்படி இருக்கிறாய்? வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது, தொப்பி இல்லாமல் நிற்காதே.

உன் கடிதம் வருவதற்கு முன்பே பொறுமை போய் வாங்கிவிட்டேன். நல்லவேளை, பிரேக்கையும் படிக்கிற ரகம்தான். மாமா கைத்தடியை ஊன்றிக்கொண்டு கார் கதவோரம் நின்று, “என்ன சொல்லுது? உசுரு இருக்கா?” என்று கேட்டபடியே இருந்தார். திரையில் வந்தது பி-0171. கூடவே ‘எரிபொருள் கலவையில் காற்று அதிகம்’ என்று ஒரு வரி. அழிக்கவா என்று கேட்டது. இல்லை என்றுதான் அழுத்தினேன், உன் மேல் ஆணை.

இப்போது என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

அக்கா


மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். தொப்பி இருக்கிறது, போடுகிறேன். மாமா வாசலைத் தாண்டினாரா?

அந்த எண்ணுக்கு முக்கால்வாசி நேரம் சென்சார் காரணமாக இருக்காது. எங்கோ ஒரு ரப்பர் குழாய் வெடித்துக் காற்று உள்ளே போகும். எஞ்சினை ஓடவிட்டு, ஒரு முழக் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்துக்கொள், டாக்டர் நெஞ்சில் வைப்பது போல. மறுநுனியை எஞ்சின் மேலே ஓடும் ரப்பர் குழாய்கள் ஓரமாக மெல்ல நகர்த்து. ஓரிடத்தில் ‘உஸ்’ என்று கேட்கும். ஃபேன் பக்கம் கையோ முடியோ போகவே கூடாது. கேட்கிற இடத்துக் குழாயை மட்டும் மாற்றினால் போதும்.

முடிவை எழுது. எனக்கும் ஆவலாக இருக்கிறது.

தம்பி


ஏப்ரல் 5

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலமோ நலம். மாமா தெருமுனைவரை போய்வருகிறார். நீ நலம்தானே?

நீ சொன்னது அப்படியே நடந்தது. விரல் நீளக் குழாய், அடியில் வெடித்திருந்தது. நானே வாங்கி நானே மாட்டினேன். விளக்கு தானாகவே அணைந்தது, மறுபடி வரவில்லை. வெடித்த குழாயை எடுத்துக்கொண்டு நேரே ஒர்க்‌ஷாப் போனேன். அங்கே நாலு பேர் நின்றிருந்தார்கள். ஹெட்லைட் முன்னால் மேஜையில் அதைப் போட்டு, “இதுக்குத்தான் ரெண்டு சென்சாரா?” என்றேன். “மிஷின் அப்படித்தாம்மா காட்டுச்சு” என்றார். “மிஷின் எங்கிட்டயும் இருக்கு” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எத்தனை நாள் ஆயிற்று தம்பி, நான் அப்படி நிமிர்ந்து நடந்து!

இப்போது தெருவில் எனக்குக் கார் டாக்டரம்மா என்று பெயர். தினம் யாராவது வந்து நிற்கிறார்கள். எதிர்வீட்டு நர்ஸை உனக்கு நினைவிருக்கும். என் ஆஸ்பத்திரியிலேயே குழந்தைகள் வார்டில் இருக்கிறாள். புருஷனுக்கு அச்சகத்தில் வேலை, ஐந்து வயதில் ஒரு பெண். அவள் காரில் பிரேக்குக்கான மஞ்சள் விளக்கு எரிந்தது. ஹெட்லைட்டிடம் காட்டினாளாம். “முன் சக்கரத்துல பேரிங் போச்சு, வண்டிய இங்கயே விட்டுட்டுப் போங்க” என்றாராம். நான் மாட்டிப் பார்த்தேன். சி-0035, இடது முன்சக்கர வேக சென்சார். பேரிங் என்ற பேச்சே அதில் இல்லை! அந்த ஆள் திருந்தமாட்டார். அழித்துவிட்டேன். மூன்று நாளில் மறுபடி எரிந்தது. மறுபடி அழித்தேன். அவளுக்கும் எனக்கும் டியூட்டி நேரம் ஒத்துவராததால் ஸ்கேனரையே அவளிடம் கொடுத்து, எப்படி அழிப்பதென்று சொல்லிக்கொடுத்துவிட்டேன். ஒரு சென்சாருக்காக வண்டியை நிறுத்தி வைக்க முடியுமா?

உன்னைப் போன்றவர்கள் இனி வேறு வேலை தேடிக்கொள்ளலாம் போலிருக்கிறது. பத்து வருஷம் கிரீஸில் புரண்டு நீ கற்றதை இந்தப் பெட்டி பத்து நொடியில் சொல்கிறது. படி படி என்று அடித்துக்கொண்டபோது கேட்டிருந்தால் இன்று மலையில் கிடந்து புழுதி தின்ன வேண்டாம். விளையாட்டுக்குத்தான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

அக்கா


மே 14

அக்காவுக்கு,

மழையில் பாதை அடைபட்டதால் பதில் தாமதம். மற்றதெல்லாம் பிறகு.

நர்ஸின் கார் இனி ஓரடி நகரக்கூடாது. சக்கரத்தைத் தாங்கிச் சுழலவிடுகிற பேரிங் தேய்ந்து ஆட்டம் கொடுக்கும்போது அந்தச் சென்சாருக்குச் சரியாகப் படிக்க வராது. அதனால்தான் அந்த எண் வருகிறது. விளக்கு திரும்பத் திரும்ப வருகிறதென்றால் ஆட்டம் கூடுகிறது என்று அர்த்தம். ஓட்டும்போது இடது பக்கம் முனகல் சத்தம் கேட்கிறதா என்று அவளிடம் கேள். கேட்டால் சந்தேகமே வேண்டாம். உன் ஒர்க்‌ஷாப்காரர் சொன்னது சரி. அந்த மனிதர் சக்கரத்தைக் கையால் ஆட்டிப் பார்த்திருக்கிறார். பெட்டிக்குக் கை கிடையாது.

இதைப் படித்து முடித்ததும் தெருவைத் தாண்டிப் போய்ச் சாவியை வாங்கி வை.

தம்பி


மே 29

அன்பும் பாசமும் உள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் இங்கே நலம். நீயும் அங்கே நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இருமல் திரும்பி வரவில்லையே? மழை என்று எழுதியிருந்தாய். படுக்கிற இடம் ஒழுகாமல் இருக்கிறதா? கம்பளி போதுமா? வேண்டுமென்றால் ஒன்று அனுப்புகிறேன். தண்ணீரைக் காய்ச்சிக் குடி. மாமா இப்போது கைத்தடி இல்லாமல் நாலடி நடக்கிறார். பிசியோதெரபி இன்னும் ஒரு மாதம். வீட்டுப் பின்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். ஆஸ்பத்திரியில் புது எக்ஸ்ரே மிஷின் வந்திருக்கிறது, பழகக் கொஞ்சம் சிரமமாக இருக்கிறது.

உன் கடிதம் கிடைத்தது.

உன்னிடம் ஒன்று கேட்க நினைத்தேன். ஒரு காரில் எண்ணை அழித்தால், பின்னால் யாராவது ஆராய்ந்து பார்க்கும்போது அது தெரியுமா? எத்தனை முறை, எப்போது, யார் என்றெல்லாம்? மருந்துக்கடைக்காரர் கேட்கச் சொன்னார்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


ஜூன் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். கம்பளி வேண்டாம்.

நீ கேட்டதற்குப் பதில். கடைசியாக அழித்தபின் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பல கார்களுக்குள் இருக்கும் கம்ப்யூட்டரில் பதிவாகும். ஆராய்கிறவனுக்கு அது தெரியும். யார் அழித்தார்கள் என்று எந்தப் பெட்டியும் சொல்லாது.

மருந்துக்கடைக்காரர் கேட்கச் சொன்னார் என்று எழுதியிருக்கிறாய். சரி.

சுண்ணாம்பு அடித்ததை எழுதினாய், புது மிஷின் வந்ததை எழுதினாய். நர்ஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காரை நிறுத்தினாளா? ஒரே ஒரு வரி எழுதினால் போதும். லாரி டிரைவரிடம் இதைக் கையில் கொடுத்து, இறங்கியதும் முதல் வேலையாகத் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன்.

தம்பி


ஜூன் 23

தம்பிக்கு,

நலம் விசாரிக்கவில்லை என்று நினைக்காதே. மூன்று முறை எழுதத் தொடங்கிக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

அவள் போய்விட்டாள். மே மாதம் ஐந்தாம் தேதி காலை. பெண்ணைப் பள்ளிக்கூடத்துக் கோடை வகுப்பில் விட்டுவிட்டு வார்டுக்கு வர இருந்தாள். மேம்பாலத் திருப்பத்தில் இடது முன்சக்கரம் கழன்று ஓடிவிட்டது. கார் திரும்பிப் போய்த் தடுப்புச் சுவரில் மோதியது. உன் கடிதம் வந்தபோது அவள் இறந்து பதினேழு நாள் ஆகியிருந்தது.

நான் அன்றைக்குக் காலை டியூட்டி. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், குழந்தை, தொடை எலும்பு என்றார்கள். பார்த்தால் எதிர்வீட்டுக் குழந்தை. சீருடையெல்லாம் கண்ணாடித் தூள். “அசையாம இரு கண்ணு, ஒரே நிமிஷம்” என்றேன். அது அசையவே இல்லை. என்னைப் பார்த்து, “அத்தை, அம்மாவுக்கும் படம் எடுத்தாச்சா?” என்று கேட்டது. “எடுத்தாச்சு” என்றேன். அவளை எக்ஸ்ரேவுக்குக் கொண்டுவரவே இல்லை தம்பி. அதற்கு அவசியம் இருக்கவில்லை.

நாலாம் நாள் அவள் புருஷன் வந்தார். காரிலிருந்து எடுத்த பொருள்களைப் போலீஸில் கொடுத்தார்களாம். “இது உங்களோடதுதானே அக்கா?” என்று ஸ்கேனரை நீட்டினார். ஒரு கீறல்கூட இல்லை. “ரொம்ப உதவியா இருந்துச்சுன்னு சொல்லிட்டே இருப்பா” என்றார். நான் வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஹெட்லைட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். விபத்துக்கு ஒரு வாரம் முன்னால் அதே சக்கரத்தின் டயரை அவர்தான் பஞ்சர் ஒட்டி மாட்டினாராம். நட்டை முறுக்காமல் விட்டுவிட்டார் என்கிறார்கள். பேரிங் போய்விட்டது, வண்டியை எடுக்காதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னேன் என்று அவர் கதறுகிறார். யாரும் நம்பவில்லை. அவள் புருஷன்தான் கேட்டார், “கோளாறு இருந்தா லைட்டு எரிஞ்சிருக்காதா? எரிஞ்சா அவ எடுத்துட்டுப் போயிருப்பாளா?” என்று. கூட்டத்தில் நானும் நின்றுகொண்டிருந்தேன். அவரை ஏற்றிக்கொண்டு போன அன்றே ஒர்க்‌ஷாப்பை அடித்து நொறுக்கினார்கள். அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

மாமா, “நீயாப் போய்த் தலையைக் குடுக்காதே. உன்னை யாரு கேட்டா? எனக்கு உன்னை விட்டா யாரு இருக்கா?” என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தானே. அந்த ஆள் என்னை இரண்டு முறை ஏமாற்றியவர்தானே. அவருக்கு ஒன்றும் ஆகாது, கொஞ்ச நாளில் விட்டுவிடுவார்கள் என்று சொல்லிக்கொள்கிறேன். சொல்லிக்கொண்டே காய்கறி நறுக்குகிறேன், துணி மடிக்கிறேன்.

யாரும் என்னைக் கேட்கவில்லை தம்பி. ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அக்கா


ஜூலை 5

அக்கா,

உன் கடிதத்தை வாங்கி நின்றபடியே படித்தேன். பிறகு ஒரு லாரி டயரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஃபோர்மேன் வந்து வெயிலா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீ சொன்னதைவிட இது பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏப்ரலில் நீ எழுதிய கடிதம் பதினேழாம் தேதியே என் கைக்கு வந்துவிட்டது. சி-0035 என்று படித்ததுமே அது பேரிங் என்று தெரிந்துவிட்டது. யோசிக்கவே இல்லை. அதற்கு அடுத்த பத்தியில் வேறு வேலை தேடிக்கொள் என்று எழுதியிருந்தாய். படிக்காதவன், புழுதி தின்கிறவன் என்று எழுதியிருந்தாய். விளையாட்டுக்கு என்றுதான் எழுதியிருந்தாய், அதையும் படித்தேன். ஆனாலும் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பெட்டிதான் எல்லாம் சொல்லுமே, அதையே கேட்டுக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். உன்னைக் கொஞ்சம் தவிக்க விடலாம் என்று நினைத்தேன்.

மழையில் பாதை அடைபட்டது உண்மை. நாலு நாள். மே மாதம், அதுவும் எல்லாம் முடிந்த பிறகு. ஏப்ரல் இருபதில் ஒரு லாரி இறங்கியது. ஆபீஸில் அவசரத்துக்கு ஒரு வயர்லெஸ் இருக்கிறது, கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை. ஒரு வரி எழுதி அந்த லாரியில் கொடுத்திருந்தால் மாதக் கடைசிக்குள் உன் கையில் இருந்திருக்கும். அதற்குப் பிறகும் அவள் ஐந்து நாள் உயிரோடு இருந்தாள். இந்தக் கணக்கை எத்தனை தடவை போட்டுவிட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆகையால் நீ தனியாகத் தலையைக் கொடுக்கப் போவதில்லை. ஆனால் போக வேண்டும் அக்கா. உள்ளே இருக்கிற மனிதர் செய்ததெல்லாம் உண்மையைச் சொன்னதுதான். போலீஸில் அந்தச் சக்கரத்தை எடுத்துப் பார்க்கச் சொல். பேரிங் உடைந்து போயிருந்தால், நட்டுகள் முறுக்கியது முறுக்கியபடி சக்கரத்தோடே ஒட்டிக்கொண்டிருக்கும். நட்டுக் கழன்றிருந்தால் அவை இருக்காது. எந்த மெக்கானிக்கும் ஒரு பார்வையில் சொல்லிவிடுவான். அவர்கள் அந்தக் காரின் கம்ப்யூட்டரையும் பார்க்கட்டும். யார் அழித்தது என்பதை அது சொல்லாது. நீதான் சொல்ல வேண்டும்.

லீவு கேட்டிருக்கிறேன். மாதக் கடைசியில் இறங்குகிறேன். எனக்காகக் காத்திருக்காதே. மாமாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

தம்பி


ஜூலை 22

அன்புத் தம்பிக்கு,

நீ கிளம்பும் முன் இது கிடைக்குமோ என்னவோ. உன் உடம்பு எப்படி இருக்கிறது? உன் கணக்கைப் படித்தேன். அதை நிறுத்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனேன். மாமா தடுக்கவில்லை. “குடை எடுத்துக்கோ” என்று மட்டும் சொன்னார். இன்ஸ்பெக்டர் முதலில் காது கொடுக்கவில்லை. வேறு யாரையோ பார்த்துப் பேசிக்கொண்டே, “லைட்ட அணைச்சது ஒரு குத்தமாம்மா?” என்றார். நீ எழுதிய சக்கர விஷயத்தைச் சொன்னேன். காரை ஸ்டேஷன் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். கழன்ற சக்கரத்தை அதன் டிக்கியிலேயே போட்டிருந்தார்கள், இத்தனை நாளாக ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. போலீஸ் மெக்கானிக்கைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். ஐந்து நட்டும் இருந்தன. அந்த மெக்கானிக் சக்கரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “பேரிங் பொடியாயிருக்கு சார்” என்றார். இன்ஸ்பெக்டர் என்னை உள்ளே கூட்டிப்போனார். பிறகு உட்காரச் சொல்லி, மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன். ஸ்கேனரையும் கொடுத்துவிட்டேன்.

என் மேல் வழக்கு வரும் என்கிறார்கள். என்ன பிரிவு என்று இன்னும் தெரியாது. ஆஸ்பத்திரியில் விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஹெட்லைட்டை நேற்று வெளியே விட்டார்கள். போய்ப் பார்த்தேன். உடைந்த கதவை நிமிர்த்தி வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். பாதி ஆளாகிவிட்டார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், அதற்குள் அவரே பேசினார். “உங்க வண்டில நானும் நம்பரப் பாத்துத்தாம்மா சென்சார மாத்தினேன். ஏமாத்தல. எனக்குத் தெரியல, அவ்வளவுதான். அன்னிக்கு நாலு பேர் முன்னாடி அதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு.” பிறகு, “அந்தப் பொண்ணு வண்டில மட்டும் நம்பரப் பாக்கல. கையால ஆட்டிப் பாத்தேன்” என்றார். குனிந்து தரையில் கிடந்த சாமான்களைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டார். நானும் குனிந்தேன். “வேண்டாம்மா, நீங்க போங்க” என்றார்.

ஒன்றை மட்டும் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

ஸ்டேஷனிலிருந்து கிளம்பும்போது இன்ஸ்பெக்டர், “அவங்க வீட்டுக்காரருக்கு நாளைக்கு ஆள் அனுப்புவோம். அதுக்குள்ள நீங்களே சொல்லிடறது நல்லது” என்றார். முன்பின் தெரியாத ஆளிடம் சொல்வது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் தெரு இருபதடி அகலம். சாயங்காலம் போய்க் கதவைத் தட்டினேன். அவர்தான் திறந்தார். கையில் சீப்பு. பெண்ணுக்குத் தலை வாரிக்கொண்டிருந்திருக்கிறார். “வாங்க அக்கா” என்றார். நான் உள்ளே போகவில்லை. வாசற்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஹெட்லைட் பேரிங் என்றதை நான் கிண்டல் செய்தது, இரண்டு தடவை அழித்தது, அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது, எல்லாம். உன் கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அது உன்னுடையது, நீ வந்து சொல்.

அவர் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன். சீப்பின் பல்லை விரலால் வருடிக்கொண்டே நின்றார். பிறகு சொன்னார்.

“சத்தம் வருதுன்னு சொன்னா. இடது பக்கம் ஏதோ முனகுதுங்கன்னு ரெண்டு மூணு தடவை சொன்னா. நான்தான் சொன்னேன், அக்கா பாத்துட்டாங்கல்ல, லைட்டு இல்லல்ல, சும்மா பயப்படாதேன்னு.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. உள்ளேயிருந்து பெண் குரல் கொடுத்தது, “யாருப்பா வந்திருக்கறது?”

“யாரும் இல்லடா” என்றார் அவர். மெதுவாக, சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டார்.

வரும்போது பார்த்து இறங்கு. மலைப்பாதையில் லாரியின் பின்பக்கம் உட்காராதே.

உன் அக்கா